1900–1914 காலத்து ஈவினிங் கவுனை அருங்காட்சியகக் கிடங்கில் உள்ளும் புறமும் பார்ப்பது எப்படி?

கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு மாட்டி வைத்த பழைய கவுனைப் பார்த்து அதன் தையலைக் கற்றுக்கொள்ள முடியாது. முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். துணி மங்காமல் இருக்க வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்திருப்பார்கள். உள்பக்கம் கண்ணிலேயே படாது. முதல் உலகப் போருக்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளின் விருந்து உடைகளிலோ வேலை முழுவதும் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியே காற்றில் மிதப்பதுபோல் தெரியும் சிஃபானைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் இறுக்கமான லைனிங்கும், விறைப்புக்காகச் செருகிய எலும்புப் பட்டிகளும், இடுப்புப் பட்டையும்தான்.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், சுருக்கமாக வி அண்ட் ஏ, 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில் ‘ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்’ என்ற கிடங்கைத் திறந்தது. அங்கே ‘ஆர்டர் அன் ஆப்ஜெக்ட்’ என்றொரு சேவை உண்டு. ஆய்வாளர், மாணவர், தையல்காரர், வெறும் ஆர்வலர் என யார் வேண்டுமானாலும் கிடங்கிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. ஆனால் சரியான உடையைத் தேர்ந்தெடுக்காமலும், என்ன கேட்பது என்று தெரியாமலும் போனால் அந்த நேரம் வீணாகிவிடும்.

1. எந்த ஆண்டு, எந்தக் கேள்வி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

“எட்வர்டியன் கவுன் (ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து உடை) பார்க்க வேண்டும்” என்று கிளம்பாதீர்கள். 1903-ஆம் ஆண்டு உடைக்கும் 1912-ஆம் ஆண்டு உடைக்கும் கட்டுமானத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஏறக்குறைய 1907 வரை மேல்பகுதியும் பாவாடையும் பெரும்பாலும் தனித்தனி. மேல்பகுதியின் முன்புறம் புறா நெஞ்சுபோல் தொங்கி விழும். உள்ளே இருக்கும் லைனிங் மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். பாவாடையின் பின்புறம் தரையில் இழுபடும். 1908-க்குப் பிறகு இடுப்புக் கோடு மார்புக்குக் கீழே ஏறுகிறது, உடை ஒரே துண்டாகிறது, அடிச்சுற்று குறுகுகிறது. 1910, 1911 வாக்கில் நடக்கவே சிரமமான ஒடுங்கிய பாவாடை. 1912 முதல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியும் அடுக்குகளும், முன்னால் குறுக்காக மடிந்து ‘வி’ வடிவில் இறங்கும் கழுத்தும்.

ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். “1912 வாக்கில் மணி கோத்த வலைத்துணியை எதில், எப்படித் தொங்கவிட்டார்கள்?” என்பது நல்ல கேள்வி. “எப்படித் தைத்தார்கள்?” என்பது கேள்வியே இல்லை.

2. இணையத் தொகுப்பில் தேடுங்கள்: சொல்லில்தான் சிக்கல்

வி அண்ட் ஏ-யின் தொகுப்புத் தேடல் பக்கம் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். “ஈவினிங் கவுன்” என்று மட்டும் தட்டினால் பாதி கிடைக்காது, ஏனென்றால் பட்டியலில் பெரும்பாலும் “ஈவினிங் டிரெஸ்” என்றே எழுதியிருப்பார்கள். மேல்பகுதி மட்டும் இருந்தால் “ஈவினிங் பாடிஸ்”. “டின்னர் டிரெஸ்”, “பால் கவுன்”, “டீ கவுன்”, மேலே போர்த்தும் “ஈவினிங் கோட்”, “மேன்ட்டில்” எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். பிறகு ஆண்டை 1900–1914 என்று வடிகட்டுங்கள்.

அடுத்து தையலகத்தின் பெயரால் தேடுங்கள். பாரிஸில் வொர்த், டூசே, பாக்கின், காலோ சகோதரிகள், 1903-இல் தனிக்கடை தொடங்கிய பால் புவாரே. லண்டனில் ஹானோவர் ஸ்குவேரில் கடை வைத்திருந்த லூசில், மற்றும் ரெட்ஃபெர்ன், மாஸ்கோட். லூசில் என்பது கடைப்பெயர். நடத்தியவர் லேடி டஃப் கார்டன், 1912-இல் டைட்டானிக்கிலிருந்து உயிர்பிழைத்தவர். இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

இன்னொரு வழி, உடுத்தியவரின் பெயரால் தேடுவது. புதிதாக வருகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. ஹெதர் ஃபர்பேங்க் என்ற லண்டன் பெண்மணியின் அலமாரி உடைகள் பல ஆண்டுகள் பெட்டிகளில் அடைந்து கிடந்து, பிறகு இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே உடம்புக்கு, அடுத்தடுத்த ஆண்டுகளில், வெவ்வேறு தையலகங்கள் தைத்தவை. உடம்பளவு மாறாததால் வெட்டு மாறியது மட்டும் பளிச்சென்று தெரியும். முதல் தடவை போகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒவ்வொரு பதிவிலும் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று போட்டிருக்கும். ஸ்டோர்ஹவுஸில் சேமிப்பில் இருப்பதாக இருந்தால்தான் வரவழைக்க முடியும். வி அண்ட் ஏ-யின் பழைய கட்டடமான சவுத் கென்சிங்டனில் காட்சியில் இருப்பது, வேறு கண்காட்சிக்கு இரவலாகப் போயிருப்பது, பழுதுபார்க்கும் கூடத்தில் இருப்பது எதுவும் வராது.

3. பதிவெண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முன்பதிவு முழுக்க இந்த எண்ணில்தான் ஓடுகிறது. துணிப் பிரிவைக் குறிக்கும் ‘டி’, ஒரு எண், ஒரு கோடு, கடைசியில் நான்கிலக்க ஆண்டு. அந்த ஆண்டு பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு, தைத்த ஆண்டு அன்று. ஃபர்பேங்க் உடைகள் பலவற்றின் எண் 1960 என்று முடியும். உடைகளோ 1910-ஐ ஒட்டியவை. 1960 என்று பார்த்ததும் பின்னால் வந்த உடை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எண்ணோடு ‘அண்ட் ஏ’ என்றோ, முக்காற்புள்ளி போட்டு 1, 2 என்றோ இருந்தால் அந்த உடைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் உண்டு: மேல்பகுதி, பாவாடை, இடுப்புப்பட்டை என்று. கேட்கும்போது எல்லாத் துண்டுகளின் எண்ணையும் எழுதுங்கள். மேல்பகுதியை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, பாவாடை வேறு பெட்டியில் இருக்க, பாதி உடையைப் பார்த்துத் திரும்பும் நிலை வரக்கூடாது.

4. ஐந்து வரை கேட்கலாம், மூன்று போதும்

ஒரு தடவைக்கு ஐந்து பொருள்கள் வரை கேட்கலாம். ஐந்தையும் கேட்காதீர்கள். ஒரு உடையை உள்ளும் புறமும் ஒழுங்காகப் பதிவு செய்யவே நேரம் பிடிக்கும். பெட்டியைத் திறந்து, மெல்லிய தாள்களை எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி மடிப்பதற்கும் நேரம் போகும். இரண்டு உடைகள், கூடவே ஒரு தனி மேல்பகுதி என்பது சரியான அளவு. தனி மேல்பகுதியை யாரும் விரும்புவதில்லை, பார்க்க அழகாக இராது. ஆனால் எடை குறைவு, திருப்புவது எளிது, உள்பக்கம் முழுதும் கண்ணுக்குத் தெரியும்.

சில உடைகளைக் கேட்டாலும் கிடைக்காது. காரணம் பெரும்பாலும் பட்டுதான். பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற பொருள். அந்த இழப்பை ஈடுகட்ட ஆலைகள் அதைத் தகர உப்புக் கரைசலில் ஊறவைத்து எடை ஏற்றின. போனதைவிடக் கூடுதலாக ஏற்றியதும் உண்டு. புதிதில் துணி கனமாக, மொரமொரப்பாக, அழகாக விழும். பத்தாண்டுகள் போகப்போக அந்த உப்பே இழையை அரித்து, கத்தியால் கீறியதுபோல் நெடுகக் கிழிய வைக்கிறது. தொட்டாலே உதிரும். பதிவில் பட்டு “ஷாட்டர்டு” (கிழிந்து சிதைந்தது) என்றோ “வெயிட்டட்” (எடை ஏற்றியது) என்றோ இருந்தால் அந்த உடைக்கு மாற்றாக இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி வேலை செய்த சிஃபானும் அப்படித்தான். கண்ணாடிக் குழல்மணியின் கனத்தை மெல்லிய துணி தாங்காது. தொங்கவிட்டால் தோளிலேயே பிய்ந்துவிடும். அதனால் அவற்றைப் படுக்க வைத்தே காட்டுவார்கள். நிற்கும்போது எப்படி விழும் என்பதைப் பழைய புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும். வெனிஸ் வடிவமைப்பாளர் ஃபார்ச்சூனியின், நுண்மடிப்பு வைத்த பட்டு ‘டெல்ஃபோஸ்’ கவுன் கிடைத்தால், அதைக் கயிறுபோல் முறுக்கிச் சுருட்டி வட்டப் பெட்டியில் வைப்பதே மரபு என்பது நினைவிருக்கட்டும். அந்த நுண்மடிப்பைப் பிரித்து அளக்கக் கேட்காதீர்கள்.

5. நாள், செலவு, தாள்கள்

குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும். அது கடைசி எல்லை. உடைகளுக்கு இங்கே கிராக்கி அதிகம் என்பதால் ஐந்து, ஆறு வாரம் முன்னால் பார்த்தால்தான் விரும்பிய நாள் கிடைக்கும்.

இங்கிலாந்தில் இருப்பவருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும்தான். ஹாக்னி விக் நிலையம் பக்கம், லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயிலின் மில்ட்மே தடத்தில் வரும். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கினால் பூங்கா வழியாக இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். சவுத் கென்சிங்டனில் இருக்கும் பழைய கட்டடத்துக்குப் போய்விடாதீர்கள். இரண்டும் நகரத்தின் இரு கோடிகள். அங்கே போய் நின்றால் அன்றைய நேரம் கைவிட்டுப் போனதுதான்.

இந்தியாவிலிருந்து வருகிறவர் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் விசா, பிறகு உடை. ஆறு மாதம் வரையிலான சாதாரணப் பார்வையாளர் விசாவுக்கு 2025 ஏப்ரல் முதல் 127 பவுண்டு வைத்தார்கள். இந்தக் கட்டணத்தை அடிக்கடி ஏற்றுவதால் விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம். விசா கைக்கு வந்ததும் உடையைப் பதிவு செய்தாலும் இரண்டு வாரக் கெடுவுக்கு இடம் இருக்கும். முன்பதிவு உறுதி மின்னஞ்சலை அச்செடுத்து, படம் ஒட்டிய அடையாள அட்டையோடு கொண்டுபோங்கள்.

6. கையில் என்ன இருக்க வேண்டும்

பென்சில். பேனா வேண்டாம், பட்டில் மை பட்டால் போகாது. நெகிழ்வான துணி இஞ்சு டேப். எஃகு டேப் ஆகாது. கட்டம் போட்ட நோட்டு. ஃபிளாஷ் அணைத்த போன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாம் கழற்றிவிடுங்கள். வலைத்துணியில் ஒரு நூல் மாட்டினால் போதும். கையில் கிரீம் தடவிக்கொண்டு போகாதீர்கள். கையுறை கொடுத்தால் மறுக்காமல் போடுங்கள். அது துணிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு. பழைய தொகுப்புகளில் பூச்சிக்கு மருந்து அடித்த காலம் உண்டு.

7. மேசையில்: உள்ளிருந்து வெளியே

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஊழியர் சொல்வார். திருப்புவதை அவரிடமே விட்டுவிடுங்கள். “உள்பக்கம் இடுப்புப் பட்டையைக் காட்ட முடியுமா?” என்று குறிப்பாகக் கேட்டால் காட்டுவார்கள். “உள்ளே பார்க்கலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டி நிறுத்திவிட வாய்ப்பு அதிகம்.

முதல் ஐந்து நிமிடம் அளக்காதீர்கள். முன், பின், இரண்டு பக்கம், உள் என்று படம் எடுங்கள். ஒவ்வொரு உடைக்கும் முதல் படம் பதிவெண் சீட்டாக இருக்கட்டும். வீடு திரும்பியதும் எந்தப் படம் எந்த உடை என்று குழம்பாது.

பிறகு இடுப்புப் பட்டையில் தொடங்குங்கள். லைனிங்கின் உள்ளே, முதுகிலும் பக்கத் தையல்களிலும் மட்டும் பிடித்து, மற்ற இடத்தில் தொங்கவிட்ட கெட்டியான நாடா அது. முன்னால் கொக்கியால் மாட்டுவார்கள். உடையின் கனத்தைத் தோள் தாங்கவில்லை, இந்தப் பட்டைதான் தாங்குகிறது. தையலகத்தின் பெயரை நெய்திருப்பதும் பெரும்பாலும் இதில்தான். உடுத்தியவரின் இடுப்பளவுக்கு நம்பத்தக்க அளவும் இதுவே: கொக்கியிலிருந்து வளையம் வரை அளக்க வேண்டும், நாடாவின் முழு நீளத்தை அல்ல. அதுகூட கார்செட் (இடுப்பை இறுக்கும் உள்கச்சு) போட்ட இடுப்பு என்பதை மறக்காதீர்கள். இன்றைய உடம்புக்கு அப்படியே வெட்டினால் மாட்டாது.

அடுத்து எலும்புப் பட்டிகள். எத்தனை, எந்தத் தையலின் மேல், மேலும் கீழும் எங்கே முடிகின்றன என்று எண்ணி எழுதுங்கள். திமிங்கலத் தாடைத் தகடு என்றால் வளைந்த வடிவிலேயே நின்றிருக்கும், சில இடத்தில் பூச்சி அரித்திருக்கும். எஃகு என்றால் உறையில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும்.

மூன்றாவது, மூடும் வரிசை. புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். 1912-ஐ ஒட்டிய உடையில் லைனிங் நடு முதுகில் கொக்கியால் மூடும், மேல் அடுக்கு இடது பக்கம் போகும், குறுக்கு மடிப்பு தோளில் மாட்டும், பாவாடையின் அடுக்கு இன்னொரு இடத்தில். எது முதலில் மூடுகிறது என்று 1, 2, 3 என எண் போட்டு ஒரு படம் வரையுங்கள். கொக்கிகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அசையும்போது கழலாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இந்த வரிசையைப் பதிவு செய்யாமல் வெட்டுப்படத்தை (துணியை வெட்ட உதவும் ‘பேட்டர்ன்’) மட்டும் கொண்டுவந்தால், தைத்த உடையை மாட்டவே தெரியாமல் நிற்க நேரிடும்.

நான்காவதாகத் தையல் விளிம்பு. நீளத் தையல்கள் பெரும்பாலும் மெஷினில் போட்டவை. விளிம்பை ஓரங்கட்டியது, எலும்பு உறையைப் பிடித்தது, அலங்காரம், அடிமடிப்பு எல்லாம் கைவேலை. உள்ளே விட்ட துணி எவ்வளவு அகலம் என்று மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். உள்பக்கம் அவ்வளவு நேர்த்தியாக இல்லை என்று அதிர்ச்சியடைய வேண்டாம். மேலடுக்கை உடுத்துபவரின் உடம்பின்மேல் வைத்தே சரிசெய்ததால், நீளமான அவசர ஓட்டுத் தையல்கள் இருக்கும். அவற்றையும் வரைந்துகொள்ளுங்கள். துணி அப்படி விழுவதன் இரகசியம் அந்த நாலைந்து ஓட்டுகளில்தான் இருக்கிறது.

கடைசியாக அடிச்சுற்று. வால் உள்ள பாவாடையின் அடிச்சுற்றை ஒரே இழுப்பில் அளக்க வராது. பகுதி பகுதியாகப் பிரித்து அளந்து கூட்டுங்கள். குஞ்சத்திலோ முனையிலோ ஈயத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் அதன் இடத்தைக் குறியுங்கள். அது இல்லாமல் தைத்தால் முனை மேலே சுருண்டுகொள்ளும்.

8. ஏமாற்றும் அடையாளங்கள்

ஜிப் இருந்தால் பிற்காலத்தில் மாற்றியது. பழைய கவுன்களை மாறுவேட விருந்துக்குப் பிரித்துத் தைத்தவர்கள் ஏராளம். ஆனால் டிச் பட்டன் இருப்பதால் மட்டும் பிற்காலத்தது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்திலேயே அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. பக்கத் தையலில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் உடையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் அல்லது சிறிதாக்கியிருக்கிறார்கள். வெட்டுப்படம் எடுக்கும்போது அந்தத் துளை வரிசைதான் மூலக்கோடு. பழைய சமிக்கிகளில் சில ஜெலட்டினில் செய்தவை. ஈரமோ சூடோ பட்டால் இளகும். உருகி ஒட்டியிருப்பதைப் பார்த்து அதுதான் வடிவமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கறுத்த சரிகையைக் கறுப்பு நூல் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிற தவறு. மடிப்புக்குள், வெளிச்சம் படாத இடத்தில் பாருங்கள், மினுக்கம் மிச்சம் இருக்கும்.

லேபிள் சொல்வது, உடையை வெட்டிச் சேர்த்த இடத்தின் பெயர். வேலை முழுவதும் அங்கே நடந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. 1903 டெல்லி தர்பாரையொட்டிய விருந்தில் வைஸ்ராயின் மனைவி லேடி கர்சன் உடுத்திய மயில் உடை இதற்குச் சான்று. அதன் பெயர்ப்பட்டை பாரிஸின் வொர்த்துக்குரியது. ஆனால் மயில்பீலி வடிவில் சரிகையும், ஒவ்வொரு பீலிக் கண்ணிலும் பொன்வண்டின் சிறகோடும் வைத்துத் தைத்தவர்கள் இந்திய ஜர்தோசிக் கைவினைஞர்கள். பூவேலை செய்த துணி கப்பலேறிப் போய்ப் பாரிஸில் உடையானது. அது வி அண்ட் ஏ-யில் இல்லை, டார்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. வரவழைத்துப் பார்க்க முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். சரிகை வேலை உள்ள எந்த உடை கிடைத்தாலும் பூவேலையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உடையாக வெட்டுவதற்கு முன்பே போட்ட வேலையா, வெட்டிய பிறகு போட்டதா என்பது தையல் விளிம்பில் தெரிந்துவிடும்: பூ பாதியில் மடிந்து தையலுக்குள் போனால் துணி முன்பே தயாரானது.

9. படங்களை எங்கே பயன்படுத்தலாம்

நீங்கள் எடுத்த படம் உங்கள் படிப்புக்கு. விற்கும் புத்தகத்திலோ, விற்கும் வெட்டுப்படத்தின் அட்டையிலோ போடுவதற்கு அருங்காட்சியகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் வரலாம். அதை அச்சுக்குப் போகும் வாரத்தில் கேட்காதீர்கள்.

அனுமதிச் சிக்கலே வேண்டாம் என்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்புக்கு வாருங்கள். 2017 பிப்ரவரி முதல் காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பொருள்களின் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுக்கிறார்கள். படத்தின் கீழே அதற்கான குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புரூக்ளின் அருங்காட்சியகத்தின் பெரிய உடைத் தொகுப்பு 2009-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. தேடல் பெட்டியில் 2009.300 என்று போட்டால் அந்த உடைகள் வரிசையாக வரும். வொர்த் கவுன்கள் பலவற்றை அதில் பார்க்கலாம். லண்டன் போவதற்கு முந்தைய வாரம் இவற்றில் பத்தைப் பார்த்து, மூடும் பக்கத்தையும் இடுப்புக் கோட்டையும் ஊகித்து எழுதிப் பழகுங்கள்.

குறிப்பு எழுதும்போதும் பகிரும்போதும் அருங்காட்சியகத்தின் பெயரோடு முழுப் பதிவெண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பார்த்துவிட்டு வந்த அன்று இரவே படத்தையும் அளவையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைப் பட்டியலிட்டு வையுங்கள். அதே உடையை மறுபடி கேட்கலாம், அதற்கும் இரண்டு வாரக் கெடு உண்டு.